அக்காவுக்குப் புத்தி வந்தது

காப்பி இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவினால், மஞ்சள் அரைத்த அம்மியைத் தொட்டதுபோல் ஒரு தூள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மணமில்லை, ருசியுமில்லை. நக்கிப் பார்த்துச் சொன்னவள் என் அக்கா பேச்சி. இலங்கை மலைநாட்டில், தெல்தோட்டைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் நாங்கள் பழம் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு.

ஊரிலிருந்து கடல் தாண்டி மாத்தளை வழியாக நடந்து வந்தபோதே அப்பா பேதி கண்டு செத்துப்போனதால், எங்களுக்குக் கதி ஆள்பிடித்துக் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணிதான். அம்மாவுக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன் முறை. வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு "காம்பரா" என்ற ஓர் அறையைக் கொடுத்தவரும் அவரே, அதிலிருந்து வெளியே தள்ளக்கூடியவரும் அவரே. "நெரைய விட்டு நகரக் கூடாது" என்பது அவருடைய ஒரே சட்டம். ஆளுக்கு ஒரு நிரை மரம். பழத்தைப் பறித்துக்கொண்டே மேலே ஏறி, அடுத்த நிரையில் இறங்க வேண்டும். எனக்கு அது சுலபமாக இருந்தது, ஏனென்றால் நான் மந்தம். அக்காவின் கண் ஓரிடத்தில் நிற்காது. எந்த மரத்தில் முசுறு கூடு கட்டியிருக்கிறது, எந்தக் காம்பராவில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளிடம் கேட்டால் தெரியும்.

தூளைக் கண்ட நாளிலிருந்து அவள் ஒவ்வொரு மரத்திலும் இலையைப் புரட்டினாள். ஓடைக்கரையில் ஏழு மரங்களில்தான் முதலில் இருந்தது, பத்து நாளில் அது பன்னிரண்டாகிவிட்டது, முதல் மரத்தில் இலையே கொட்டத் தொடங்கிவிட்டது என்று கங்காணியிடம் போய்ச் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்தபோது, அக்கா நிரையை விட்டு ஓடிப்போய், குதிரைக்கு முன்னால் இலையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த மரங்களைப் பிடுங்கி எரித்துவிட்டால் மற்றவை பிழைக்கும் என்றாள். துரை இலையை வாங்கக்கூட இல்லை. உன் ஆட்கள் எனக்கே தோட்டம் நடத்தக் கற்றுத்தருகிறார்களா என்று கங்காணியைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு அக்காவின் தலையில் விடிந்தது.

அடுத்த நாள் காலைப் "பெரட்டில்", அதாவது வேலைக்குப் பிரிப்பதற்காக எல்லோரையும் வரிசையில் நிறுத்தும் இடத்தில், கங்காணி அவளை முன்னே இழுத்துவிட்டார். அவரே அடித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் கம்பை அம்மாவின் கையில் கொடுத்தார்.

"ஒம் புள்ளைக்கு நீயே புத்தி சொல்லு தாயி."

புத்தி சொல்வதென்றால் அடிப்பது என்று எங்கள் ஆட்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மெதுவாக அடித்தால் காம்பரா போய்விடுமோ என்ற பயத்தில், அவர் கேட்டதற்கும் மேலே அம்மா அடித்தாள். கம்பு முறிந்ததும் அடுத்த கம்பைத் தேடியவளும் அவள்தான். அதற்காக அம்மாவின்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு; வேறு வழியும் அவளுக்கு இருக்கவில்லை.

புண் ஆறியது. அக்கா பிறகு ஓர் இலையைக்கூடப் புரட்டவில்லை. முதலில் வீம்பு என்றுதான் நினைத்தேன். நானே தூள் படிந்த இலையைக் கொண்டுபோய்க் காட்டினால், "நெரையப் பாருடி" என்பாள். ஒரு வருஷத்துக்குள், நிரை பிடித்தால் பேச்சியைப் போலப் பிடிக்க வேண்டும் என்று கங்காணி பெரட்டில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்படி ஆகிவிட்டாள். ஒழுங்கு இருந்தால் அறிவு தானே வளரும் என்று இப்போது பள்ளிக்கூட விழாக்களில் பேசுகிறார்கள். நான் பார்த்த ஒழுங்கு அறிவைத் தின்றுதான் வளர்ந்தது.

இன்னும் ஒரு வருஷம் போவதற்குள் மலை முழுவதும் இலையில்லாமல் நின்றது. கண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்தார். எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, இது எங்கே ஆரம்பித்தது, யார் முதலில் கண்டது, பயப்படாமல் சொல்லுங்கள் என்று துரை தம்முடைய தமிழில் கேட்டார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. குதிரையை மறித்த பெண்ணை அவருக்கு அடையாளமும் தெரியவில்லை. நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். அதைப் பார்த்துவிட்ட துரை அவளையே கேட்டார்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க."

பொய் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்பவளுக்கு இருக்கும் பதற்றம் துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இடம் எனக்கும் தெரியும். நானும் வாய் திறக்கவில்லை. "இப்பத்தான் புள்ளைக்குப் புத்தி வந்திருக்கு" என்று கங்காணி அம்மாவிடம் சொல்ல, அம்மாவும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

அக்கா சொன்ன மரங்களை எரித்திருந்தாலும் நோய் நின்றிருக்காது, அது காற்றில் வருவது என்று விஷயம் தெரிந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். இருக்கலாம். நான் காப்பிக்காக அழவில்லை. அந்த மலையில் காப்பி மரம் இருந்ததற்கு இன்று அடையாளமே இல்லை, எல்லாம் தேயிலை. கங்காணியும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். மந்தமான நான் கண்டியில் எழுத்துத் தெரிந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவரிடமே படிக்க எழுதக் கற்றுக்கொண்டேன். அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தே கிழவியாகிவிட்டாள்.

தைப்பொங்கலுக்கு அவளை அழைத்து வருவேன். உங்கள் பெரிய பாட்டியைப் போலக் கெட்டிக்காரி அந்த மலையிலேயே இருந்ததில்லை என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வேன். அவர்கள் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஒங்க பாட்டி சும்மா சொல்லுது" என்று அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, சாப்பிடு என்று யாராவது சொல்லும்வரை இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பாள்.