டெல்மர் வீட்டுக்கு எண் கிடையாது

எங்கள் வென்ட்லிங் நகரில் வீட்டு முன்னால் புல் பத்து அங்குலத்தைத் தாண்டினால் குற்றம். எண்பலகை இல்லாத வண்டி தெருவிலிருந்து தெரியும்படி நின்றால் குற்றம். சுவரில் பெயிண்ட் உரிந்தாலும், வாசலில் வீட்டு எண் இல்லாவிட்டாலும் குற்றம்தான். இவை எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் செய்துகொண்டு, எத்தனையோ வருடம் தலை நிமிர்ந்து நடந்தவர் டெல்மர் கூல்மன். தினமும் காலையில் என் காப்பிக் கடையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருப்பார். அவர் வீடு போன அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். 

தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெட்டையான ஆள், தோளில் வார் போட்ட கால்சட்டை, காது கொஞ்சம் மந்தம். மூன்றாம் தெருவில், சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு மரவீடுகளில் ஒன்று அவருடையது. அவர் அப்பா கட்டியது. அந்தச் சமையலறையில்தான் அவர் பிறந்தார், அதே சமையலறையில்தான் அவர் மனைவி ஐனா ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தபடியே சரிந்து விழுந்து இறந்தாள். வேறு சொத்து எதுவும் அவருக்கு இல்லை, வேண்டும் என்றும் நினைத்ததில்லை.

இந்த விதிகளைக் காப்பாற்றுவதற்கு நகராட்சியில் இருந்தது ஒரே ஒரு ஆள், நோரீன் டீட்ஸ். என்னோடு பள்ளியில் படித்தவள். வெள்ளை நிற நகராட்சிக் காரில், நடந்து போகிற வேகத்தில் தெருத்தெருவாகப் போவாள். பின் சீட்டில் புல் அளக்கிற குச்சி கிடக்கும். உண்மையில் அவளாக யார் வீட்டுக்கும் போவது குறைவு. பக்கத்து வீட்டுக்காரர்தான் போன் செய்து புகார் கொடுப்பார். பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். புகார் கொடுத்தவர் மறுநாள் வேலி ஓரம் நின்று, "பாவம்ப்பா, உன்னைப் போய் இப்படிப் பண்ணிட்டாளே" என்று ஆறுதலும் சொல்வார். திட்டு முழுக்க நோரீனுக்கு. ஒருமுறை என் கடையில் அவளுடைய காப்பித் தட்டில் யாரோ ஒரு பிடி புல்லை வைத்து, அளந்து பார்க்கச் சொன்னார்கள். கடையே சிரித்தது. அவள் மீதிக் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு என் கடை வாசலை அவள் மிதிக்கவில்லை.

டெல்மருக்கும் அவளுக்கும் நடந்த சண்டைதான் ஊருக்கே பொழுதுபோக்கு. சக்கரமில்லாத பழைய பிக்கப் வண்டி ஒன்று அவர் வாசலில் நின்றது. அதை மறைக்க வேண்டும் என்று அவள் சொன்னதும், வண்டியைச் சுற்றிச் சோளம் விதைத்துவிட்டார். வளர்ந்து ஆடியது பாருங்கள், ஆள் உயரத்துக்கு. நோரீன் குச்சியோடு வந்து நின்றாள்.

"டெல்மர், பத்து அங்குலம்னு சட்டம். இது என் தலைக்கு மேல போகுது."

"அது புல்லுக்கு. இது சோளம். பண்ணையில பிறந்தவதானே நீ, வித்தியாசம் தெரியல?"

"வாசல்ல யாராவது சோளம் போடுவாங்களா?"

"வண்டியை மறைன்னு சொன்னே, மறைச்சிட்டேன். இப்ப வண்டி தெரியுதா?"

தெரியவில்லைதான். அவள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டாள். சோளம் முற்றியதும் டெல்மர் ஒரு கூடை கதிரைப் பறித்து அவள் கார் பானட்டின் மேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு போனாள், அதையும் நான் பார்த்தேன்.

வீட்டு எண் விஷயத்தில் மட்டும் அவள் விடவில்லை. ஒருநாள் தானே கடையில் வாங்கிய கறுப்பு இரும்பு எண்களை, நான்கு, ஒன்று, ஏழு என்று அவர் கையில் திணித்தாள்.

"தபால்காரனுக்கு என்னைத் தெரியும்" என்றார் டெல்மர். "பாதிரியாருக்குத் தெரியும். என் வீட்டைத் தேடி வேற எவன் வரப்போறான்?"

"தெரியாதவன் வருவான். அவசரத்துக்கு வருவான். அவனுக்கு எது உங்க வீடுன்னு எப்படித் தெரியும்?"

"கேட்டுட்டு வரட்டும்."

எண்களை அந்தப் பிக்கப் வண்டியின் முன்பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

இந்த வருடம் விஷயம் முற்றியது. பக்கத்தில் வாஸ் குடும்பத்தின் வீடு, எண் 415, சொந்தக்காரர்கள் அரிசோனாவுக்குப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. பின்பக்கக் கூரை உள்ளே விழுந்து, ரக்கூன் என்கிற காட்டுப் பிராணிகள் குடும்பம் நடத்தின. அதை இடிக்க நகர மன்றம் முடிவு செய்தது. கையோடு டெல்மர் வீட்டையும் சேர்த்துவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். சோளத் திருவிழா ஊர்வலம் அந்தத் தெரு வழியாகத்தான் போகும், அசிங்கமாக இருக்கிறதாம். அன்று மன்றத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். டெல்மர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். நோரீன் எழுந்தாள். அவள் எதிராகத்தான் பேசுவாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"அழுக்கு வேற, ஆபத்து வேற" என்றாள். "அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் நல்லா இருக்கு, கூரை ஒழுகல. பெயிண்ட்தான் இல்ல. பனி விழற வரைக்கும் அவருக்கு டைம் குடுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

கொடுத்தார்கள். வெளியே வந்த டெல்மர் வெகுநேரம் படியிலேயே நின்றார். மறுநாள் கடைக்கு வந்தபோது முடியெல்லாம் பழைய பெயிண்ட் தூள். முன்சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாராம். அந்த மனிதர் அசைந்துகொடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைப் பெயிண்ட் டப்பாக்கள் வாங்கி வாசலில் அடுக்கினார். திரைச்சீலைகளைக் கழற்றினார், கண்ணாடிகளில் பெயிண்ட் படாமலிருக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டினார். பெயிண்ட் முழுக்கப் போன அந்த வீடு, சாம்பல் நிறப் பலகையாக, தோலுரித்த மாதிரி நின்றது. மழை வேறு விடாமல் பெய்ததால் புதுப் பெயிண்ட் அடிக்க முடியவில்லை. ஈரம் காயட்டும் என்று காத்திருந்தார்.

ஊரில் முடிதிருத்துகிற வெர்லின் இருக்கிறானே, அவன் தினமும் என் கடைக் கதவைத் திறந்துகொண்டு வரும்போதே, "டெல்மர், உன் வீட்டை இடிக்கிறாங்கப்பா" என்பான். டெல்மரும் தலையைத் தூக்காமலே, "இடிக்கட்டும், காப்பியைக் குடிச்சிட்டு வர்றேன்" என்பார். வாரக்கணக்காக இதே பேச்சு. நாங்களும் சலிக்காமல் சிரித்தோம்.

இதே மழைதான் இடிக்கிற ஆளையும் தாமதப்படுத்தியது. வெளியூர் ஒப்பந்தக்காரர். திருவிழாவுக்குள் வருவாரா என்று தெரியவில்லை. அப்போதுதான் ஊர் அழகுக் குழுத் தலைவி மார்லிஸ் களத்தில் இறங்கினாள். இடிக்கப்போகிற வாஸ் வீட்டின் முன்பக்கத்துக்குப் பெண்களைக் கூட்டிவந்து மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். உடைந்த ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, அதில் திரைச்சீலை வரைந்தார்கள், பூந்தொட்டி வரைந்தார்கள், ஒரு ஜன்னலில் தூங்குகிற பூனையைக்கூட வரைந்தார்கள். கதவில் ஒட்டியிருந்த இடிப்பு அறிவிப்பு மஞ்சளுக்குப் பொருந்தவில்லை என்று கிழித்துப்போட்டார்கள். 415 என்ற எண்ணையும் பெயிண்ட் அடிக்கக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. சாகப்போகிற வீட்டுக்கு எதற்கு எண் என்று நினைத்திருப்பார்கள். ஊரே போய்ப் பார்த்து அழகு அழகு என்றது.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை. கடை நிறைந்திருந்தது. டெல்மர் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வானம் வெளுத்திருந்ததால், அன்று பெயிண்ட் அடிக்கப்போவதாகச் சொல்லி உற்சாகமாக இருந்தார். கதவு திறந்தது. நோரீன்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் என் கடைக்குள் வந்து நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது.

"டெல்மர்" என்றாள். "உங்க வீட்டை இடிக்கிறாங்க."

 கடையே வெடித்துச் சிரித்தது. வெர்லின் மேசையைத் தட்டினான். டெல்மருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

"பாருங்கப்பா, கடைசியில இவளும் ஜோக் அடிக்கக் கத்துக்கிட்டா. இடிக்கட்டும், காப்பியைக் குடிச்சிட்டு வர்றேன்."

நோரீன் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கதவைப் பிடித்தபடியே நின்றாள். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். அவள் ஜோக் அடிக்கிற பெண் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். டெல்மர்தான் கடைசியாக நிறுத்தினார். கையிலிருந்த முள்கரண்டியை மெதுவாகத் தட்டின் ஓரம் வைத்தார்.

அடுப்பைக்கூட அணைக்காமல் நானும் ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான். மூன்றாம் தெரு முனையில் திரும்பினேன். மஞ்சள் வீடு அழகாக நின்றது, ஜன்னலில் பூனை தூங்கியது. அதன் பக்கத்தில் பொக்லைன் இயந்திரம். டெல்மர் வீட்டின் முன்பாதி இல்லை, சமையலறை இல்லை. ஐனாவின் அடுப்பு வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தது. உரித்த பலகைகளுக்கு இடையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பாக்கள் நசுங்கி, மண்ணெல்லாம் வெள்ளையாக ஓடியிருந்தது.

ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஓட்டுநர் சின்ன வயதுக்காரன், டிராவிஸ் என்று பெயர். 

"சர்ச் பக்கத்துல ஆளில்லாத பாழ் வீடுன்னு சொன்னாங்க" என்று வந்தவரிடமெல்லாம் சொன்னான். "415ன்னு சொன்னாங்க. ரெண்டுலயும் நம்பர் இல்ல. ஒண்ணுல பூ இருக்கு, பூனை இருக்கு. இதுல பேப்பர் ஒட்டியிருக்கு. தட்டினேன், ஹாரன் அடிச்சேன், யாரும் வரல. எது பாழ் வீடுன்னு நீங்களே சொல்லுங்க."

 பாழ் வீட்டுக்குக் கரண்ட் எப்போதோ துண்டித்தாகிவிட்டது. இங்கே பின்சுவரில் கம்பி அறுந்து பொறி பறந்தபோதுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. அப்போதே இறங்கிவிட்டான். அதே நேரம்தான் நோரீனின் கார் அந்தத் தெருவுக்குள் திரும்பியது.

மார்லிஸ் வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன், ஆனால் அவளே வாயைப் பொத்திக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அழகு அழகு என்று சொன்னதில் நானும் உண்டு. என்ன திட்டுவது?

 டெல்மர் இடிபாட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மிச்சமிருந்த பின்பாதி தெருவைப் பார்த்துச் சாய்ந்து, கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் ஊர்வலம், தெரு நிறையக் குழந்தைகள். அதை இடிக்க உத்தரவு எழுத வேண்டியவள் ஒரே ஒருத்திதான்.

நோரீன் அசையவில்லை. டெல்மரே அவளிடம் போனார்.

"எழுது நோரீன்" என்றார். "அழுக்கு வேற, ஆபத்து வேறன்னு நீதானே சொன்னே. இப்ப இது ஆபத்துதான்."

"என்னால முடியாது டெல்மர்."

"குழந்தைங்க மேல விழுந்தா? எழுது."

அவள் எழுதினாள்.  டிராவிஸே மிச்சத்தையும் இடித்தான். அழுதுகொண்டே இடித்தான்.

சாயங்காலம் மேயர் வந்து, மஞ்சள் வீட்டைப் பழுது பார்த்து அவருக்கே தருவதாகச் சொன்னார். டெல்மர் ஜன்னலைப் பார்த்தார். "வேண்டாம், அந்தப் பூனைக்கும் எனக்கும் ஒத்துவராது" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஊர்வலம் நடந்தது. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. என் ஊர் அப்படி. மூன்றாம் தெருவில் டெல்மர் வீட்டில் மிஞ்சியிருந்தது சிமென்ட் வாசற்படிகள் மட்டும். எந்த வீட்டுக்கும் ஏறாத மூன்று படிகள். மேல்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். பள்ளி வாத்தியக் குழு அங்கே வந்ததும் ஒவ்வொரு பிள்ளையாக வாசிப்பதை நிறுத்தியது. டிராக்டர்களின் சத்தம் மட்டும் கேட்டது. ஊர்வல வண்டிகளிலிருந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுகிறவர்கள் அந்த இடத்தில் வீசவில்லை.

ஊர்வலம் போன பிறகு, அவர் எழுந்து, வாசல் ஓரம் இந்த வருடமும் விதைத்திருந்த சோளத்துக்குள் நுழைந்து பழைய பிக்கப் வண்டிக்குப் போனார். முன்பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துவந்தார். படியின் முன்பக்கத்தில் வைத்து, பசை தடவி, ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தார். நான்கு, ஒன்று, ஏழு.

தெருவின் எதிர்ப்பக்கம் நோரீன் நின்றிருந்தாள். டெல்மர் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கேருந்து தெரியுதா?"

அவள் படியின் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"தெரியுது டெல்மர்" என்றாள். "நல்லா தெரியுது."