கேப்டன் சட்டையில் விழுந்த வெட்டு

என் புருஷனைத் தவிர வேறு ஆண்களுக்கு அதுவரை நான் தைத்ததில்லை. ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கவுன், தலையணை உறை. அவ்வளவுதான். மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் தையல் மெஷின் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். ஆனாலும் ஆண்கள் எல்லாரும் டவுன் டெய்லரிடம்தான் போனார்கள். என்னை ரவிக்கைக்காரம்மா என்றார்கள். எனக்கு ஆண்கள் போடுகிற கால்சட்டை, சிலுவாரும் தைக்கத் தெரியும், கோட்டும் தைக்கத் தெரியும். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் ஒரு தடித்த புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். கடற்கரையில் ஒரு பெரிய நாடகம் போடப் போகிறார்களாம். போர்த்துகீசியர் கப்பலில் வந்து மலாக்காவைப் பிடித்த கதை.

"இப்ப எதுக்கு சார் அந்தக் கதை?" என்றேன்.

"மொத வந்தவன் எப்படி வந்தான்னு காட்டினாத்தாம்மா, கடைசியா போறவன் எப்படிப் போறான்னு ஜனங்களுக்குத் தெரியும்."

சுல்தான் பக்கத்துக்கு உடுப்புக் கவலை இல்லை. மலாய்க்காரர்கள் வீட்டுப் பெட்டியிலேயே பட்டு இருந்தது. போர்த்துகீசியர் பன்னிரண்டு பேருக்குத்தான் தைக்க வேண்டும். வாத்தியார் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினார். நானூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன். இறுக்கமான சட்டை, பூசணிக்காய் மாதிரி உப்பிய அரைச் சிலுவார், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி. சட்டையின் மார்பிலும் கையிலும் நீள நீளமாகக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் உள்ளே இருக்கிற வெள்ளைத் துணி பிதுங்கி வந்தது.

"சண்டையில கிழிஞ்சதா?"

"தெரியலம்மா. படத்துல இருக்கு. இருந்தா நல்லாருக்கும்."

முதலில் கேப்டன் உடுப்பு ஒன்று. சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் போட்டுப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் மற்ற பதினொன்றும் எனக்கு. இல்லையென்றால் எல்லாம் டவுன் டெய்லருக்கு. கமிட்டியில் அப்படித்தான் முடிவாம். வாத்தியார் ஒளிக்காமல் சொன்னார். ஒத்துக்கொண்டேன். பன்னிரண்டு ஆண்களுக்குத் தைத்தேன் என்றால், அதற்கப்புறம் யார் என்னை ரவிக்கைக்காரம்மா என்று சொல்ல முடியும்?

கேப்டனுக்குத் துணி, பள்ளி மேடையின் பழைய திரை. கறுஞ்சிவப்பு வெல்வெட். ஒரே ஒரு திரை. வீணானால் வேறு இல்லை. மற்றவர்களுக்குக் காடாத் துணிக்குச் சாயம் போடலாம் என்றார்.

கேப்டனாக நடிக்க இருந்தவர் பாசாரில் மீன் விற்கிறவர். நல்ல உயரம். மீசை. குரல் கொடுத்தால் இரண்டு தெரு கேட்கும். ஆள் நல்ல கறுப்பு. கறுத்த போர்த்துகீசியன் என்று பாசாரில் கேலி பண்ணினார்கள். "ஆறு மாசம் கப்பல்ல வெயில் காஞ்சு வந்தவன் வெளுப்பாவா இருப்பான்?" என்று திருப்பிக் கேட்டாராம்.

வெளி ஆண்கள் மேலே டேப் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வரிசையில் எந்தப் பொம்பளைக்கும் இல்லை. அதனால் சொல்லி அனுப்பினேன். உடம்புக்குச் சரியாக இருக்கிற ஒரு சட்டை, ஒரு சிலுவார் கொண்டு வாருங்கள், அதை அளந்து தைக்கிறேன் என்று. மீன்காரர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல துணி. இஸ்திரி போட்டு மடித்திருந்தது. பெட்டி வாசம் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலு நாளில் தைத்தேன். படத்தில் இருந்த கிழிசலை மட்டும் கிழிக்கவில்லை. நல்ல வெல்வெட்டில் கத்தரி வைக்க மனசு வரவில்லை. கிழிசல் இருந்த இடத்தில் வெள்ளை நாடாவை மேலே வைத்துத் தைத்துவிட்டேன். தூரத்தில் பார்த்தால் தெரியாது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். மண்டபத்தில் கமிட்டிக்காரர்கள் நாலு பேர், நடிக்கிறவர்கள், டவுன் டெய்லர். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மீன்காரர் உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தார். வந்தார் என்று சொல்லக்கூடாது. பக்கவாட்டில் நகர்ந்தார். சட்டைக்கு முன்பக்கம் நாலு விரக்கடை மூடவில்லை. கையை மடக்க முடியவில்லை. சிலுவார் இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டது.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும்.

"ரவிக்கை தைக்கிற கை லா அது. கேப்டனுக்கும் ரவிக்கையே தச்சிருச்சு" என்றார் டவுன் டெய்லர்.

நான் மீன்காரரிடம் போனேன்.

"அண்ணே, எனக்கு அளவுக்குக் குடுத்தீங்களே, அந்த உடுப்பு எப்ப தச்சது?"

அவர் மீசையைத் தடவினார்.

"கல்யாணத்துக்கு."

"மூத்த பிள்ளைக்கு என்ன வயசு?"

"பதினாலு."

மறுபடியும் மண்டபம் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

"இருக்கறதுல அதுதான் தங்கச்சி நல்ல உடுப்பு. அளவுக்குக் குடுக்கறோமே, மானமா குடுப்போம்னு..." என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை.

வாத்தியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "துணி இல்லையேம்மா" என்றார். டவுன் டெய்லர் எழுந்தார். கொடுங்கள், நான் பிரித்துத் தைக்கிறேன் என்றார். நான் உடுப்பைக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டேன். வாத்தியார் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்காரரின் பெண்சாதி வந்தாள். கையில் சணல் கயிறு. நிறைய முடிச்சு.

"இந்தா அக்கா. இந்த முடிச்சு நெஞ்சு, இது வயிறு, இது புஜம். சாப்பிட்டதுக்கு அப்புறம் எடுத்தேன். இதுதான் நெசம்."

கயிற்றை வெல்வெட் சட்டை மேலே வைத்துப் பார்த்தேன். தையல் ஓரத்தில் விட்டிருந்த துணியை எல்லாம் பிரித்து விட்டாலும் போதாது. வாத்தியார் விட்டுப்போயிருந்த புத்தகத்தை எடுத்து அந்தப் படத்தையே பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். இறுக்கமான சட்டை. மார்பில் கிழிசல், கையில் கிழிசல். கிழிசல் இருக்கிற இடமெல்லாம் உடம்பு பருக்கிற இடம்.

அந்தக் காலத்துக் கப்பல்காரனும் பருத்துத்தான் போயிருப்பான். அவனுக்கும் வேறு துணி இருந்திருக்காது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. சரியோ தப்போ, எனக்கு அது போதும்.

நாடாவை எல்லாம் பிரித்துப் போட்டேன். சாக்கட்டியால் கோடு போட்டேன். மார்பில் ஆறு, ஒவ்வொரு கைக்கும் எட்டு. கத்தரியை வைத்தேன். வெட்டாமல் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். திரும்ப எடுத்து வெட்டினேன். முதல் வெட்டுத்தான் கஷ்டம். மற்றதெல்லாம் வெறும் வெட்டுத்தான்.

வெட்டின ஓரத்தை எல்லாம் பட்டன் துளை முடிக்கிற மாதிரி நூலால் கட்டினேன். உள்ளே வைக்க வெள்ளைத் துணி வேண்டும். மெல்லிசாக, பிதுங்குகிற மாதிரி. வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது. என் புருஷன் கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி.

கேட்டேன். அவர் கோப்பியைக் குடித்து முடித்தார்.

"அப்ப திருவிழாவுக்கு நான் என்னத்த கட்டிக்கிட்டுப் போறது?"

"வேற வாங்கலாம்."

"அந்த மீன்காரன் மேலயா என் வேட்டி போவுது?"

"கேப்டன் மேல."

அப்புறம் அவரே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். சிலுவாருக்கும் அதே வேலைதான். பட்டை பட்டையாக வெட்டி, நடுவில் வேட்டித் துணியைச் சுருக்கி வைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அதே மண்டபம். அதே ஆட்கள். மீன்காரர் உள்ளே போனார். வெளியே வந்தார். இந்தத் தடவை நேராக நடந்து வந்தார். கையை உயர்த்தினார். வெட்டுகள் விரிந்து வெள்ளை தெரிந்தது. கையை இறக்கினார். மூடிக்கொண்டது. அவரே ஆச்சரியப்பட்டு இன்னொரு தடவை உயர்த்திப் பார்த்தார். பிறகு குனிந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். எதுவும் பிரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

வாத்தியார் புத்தகத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல இருக்கறவன் கொஞ்சம் ஒல்லிம்மா. மத்தபடி இவன்தான்" என்றார்.

டவுன் டெய்லர் எழுந்து வந்தார். மீன்காரரின் கையைப் பிடித்து, வெட்டு ஓரத்தை விரலால் திருப்பி, உள்பக்கத் தையலைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வெட்டையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வெல்வெட்ல கத்தரி வைக்க பயமா இல்ல?"

"இருந்துச்சு. வெட்டிட்டேன்."

தலையை ஆட்டினார். வாத்தியார் பக்கம் திரும்பி, "மிச்சத்தையும் இந்தம்மாவுக்கே குடுங்க. என்னால இத செய்ய முடியாது" என்றார். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார்.

மற்ற பதினொரு பேருக்கும் உடுப்பைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்சாதி இருந்தால் பெண்சாதி, இல்லையென்றால் அம்மா. கயிற்றில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். பதினொரு கயிறு வந்தது. மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டேன்.

நாடகத்தன்று பண்டார் ஹிலிர் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. அப்போது கடல் பாடாங் மைதானத்து ஓரம் வரைக்கும் இருந்தது. படகு வந்தது. கேப்டன் படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் குதித்தார். அவர் கையை இரண்டு பக்கமும் விரித்து, மலாக்கா முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். சட்டையின் வெட்டு எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது. சிவப்பில் வெள்ளை. ஜனம் ஓவென்று கத்தியது.

"என் வேட்டி" என்றார் என் புருஷன், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம்.

ஒரு தையல்கூட விடவில்லை. பன்னிரண்டு பேரிலும்.

அடுத்த வாரம் ஒரு தபால் ஆபீஸ் கிளார்க் வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் மடித்த சிலுவார் ஒன்று.

"டெய்லர் வீடு இதுதானே? சிலுவாரு தைக்கணும். அளவுக்குக் கொண்டாந்திருக்கேன்."

அவர் வயிற்றைப் பார்த்தேன். சிலுவாரைப் பார்த்தேன்.

"அத வீட்டுக்கே கொண்டு போங்க தம்பி. பெண்சாதிகிட்ட ஒரு கயிறு வாங்கிட்டு வாங்க" என்றேன். "சாப்பிட்டதுக்கு அப்புறம்."