கருப்பசாமி பேர் வரும் இடம்

குருபரப்பள்ளியில் பஞ்சர் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் பூபதியின் ஸ்டுடியோ. சாவு வீடுகளுக்குப் பாட்டு செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. மெட்டு ஒன்றுதான்; செத்தவர் பேரை மட்டும் புதிதாகப் பாடிச் சேர்ப்பான். வேலை முடிந்த பிறகும் அந்தப் பேரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க மாட்டான். செத்தவர் பேரைப் போய் அழிப்பதாவது! சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டு, அதன்மேலேயே அடுத்த பேரை ஏற்றுவான். ஊமையாகக் கிடந்தாலும் அத்தனை குரலும் மெமரியைத் தின்னும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சாமல்பட்டி அண்ணாதுரை ஒருநாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான்.

"பூபதி, அப்பாவுக்கு டாக்டரு கைய விரிச்சிட்டாருப்பா. பாட்டு ரெடி பண்ணி வெச்சிரு."

"உசுரு இருக்கறப்பவேவா? வேணாம்ணா."

"நீயும் என்னை அலைய விடாதப்பா."

கேட்கவே பாவமாயிருந்தது. பாடிச் சேர்த்து ஓட்டிப் பார்த்தான். 'கருப்பசாமி' என்று கோரஸ் எழும் இடத்தில் மெமரி நிரம்பி, திரை உறைந்து, சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான், மறுபடியும் அதே இடம். எஃபெக்டுகளைக் கழற்றினான், பஃபரைக் கூட்டினான். ம்ஹூம். அந்தப் பேரைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது சனியன்.

சாயங்காலம் அண்ணாதுரை மறுபடி கூப்பிட்டான். "அப்பா கண்ணு முழிச்சிட்டாருப்பா!"

பூபதி கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தான். பாட்டு முடியாததால்தான் உயிர் தங்கியது என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். சிரிக்காதீர்கள், அந்த அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அந்தப் பாட்டை அவன் அப்புறம் தொடவேயில்லை. மற்ற வேலைகளும் தொங்கத் தொடங்கவே, ஓசூருக்குப் போய் மெமரியைக் கூட்டும் ரேம் வாங்கி வந்து மாட்டினான். எல்லாம் தடங்கலில்லாமல் ஓடியது.

ஒரு மத்தியானம் மாடிப்படியில் கைத்தடிச் சத்தம். கருப்பசாமியேதான்.

"எனக்குன்னு ஒரு பாட்டு வெச்சிருக்கறயாமே. போடுப்பா, கேக்கறேன்."

"ஐயோ பெரியப்பா, அது பாதியில நின்னுரும்."

வடிகட்டின பொய். இப்போது நிற்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"நின்னா நிக்கட்டுமே. எம் பாட்ட நான் கேக்காம எவன் கேப்பான்?"

கிழவர் நகர்வதாக இல்லை. ஓட விட்டான் பூபதி. பேர் வந்தது. திரை உறையவில்லை. 'கருப்பசாமி' என்று கோரஸ் எழுந்து, அடங்கி, பாட்டு அடுத்த அடிக்குப் போனது. பூபதி கிழவரையே பார்த்தான். நல்லவேளை, சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

ஸ்பீக்கரில் மேளம் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே, அது காதில் விழாதவர் போலக் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"நீ சொன்னது நெசந்தாம்ப்பா. எம் பேரு வந்ததோட நின்னு போச்சு," என்றார்.