மடியில் கேக், கையில் கியர்

போன வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை நடந்தது இது. நாங்கள் இருப்பது தென்காசியில். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். வாங்கிய கொஞ்ச நாளிலேயே கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது. எங்கள் வீட்டில் ஷெட் சும்மா கிடக்கிறது என்று கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அப்படியே போட்டுவைத்தால் பேட்டரி போய்விடும், வாரம் ஒரு தடவையாவது எடுத்து ஓட்டு என்று என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

வீட்டுக் காரைப் பல வருடமாக ஓட்டுகிறவள் நான். இதுவும் கார்தானே என்று நினைத்தேன். ஆனால் அது வேறு ஜாதி. கிளட்சை மிதிக்க முழுக்காலின் பலமும் வேண்டும். காலை எடுக்கும்போது இம்மி முன்னே பின்னே ஆனால் வண்டி ஒரு குதி குதிக்கும். கியர் கம்பி விரல் நீளம்தான் இருக்கும், அதைப் பிடித்துத் தள்ளினால் உள்ளே கரகரவென்று சத்தம் வரும். மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு வருவதுதான் பெரிய பாடு. எஞ்சின் சுற்றும் வேகமும் வண்டி போகும் வேகமும் ஒத்துப்போக வேண்டும், அதற்கு நடுவில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுவிட வேண்டும் என்று தம்பி வீடியோ காலில் விளக்கினான். கணக்காக அது எனக்குப் புரிந்தது. கைக்கும் காலுக்கும் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். இரண்டு மாதம் இலஞ்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். என் கணவர் ஒரே ஒரு நாள் கூட வந்தார். திரும்பும்போது ஆட்டோவில் வந்தார்.

அந்தச் சனிக்கிழமை எதிர்வீட்டு அக்காவின் மகளுக்குத் திருமணம். காலையில் தென்காசி சர்ச்சில் கல்யாணம், மாலை ஆறு மணிக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மண்டபத்தில் வரவேற்பு. மாப்பிள்ளை வீடு நாகர்கோவில். கேக் நாங்களே அங்கிருந்து கொண்டுவருகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். மணப்பெண்தான், கீழப்பாவூரில் ஒருவர் செய்கிறார், அவர் கேக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

நான் சேலை கட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அக்காவிடமிருந்து போன். கேக் வரவேண்டிய ஆம்னி வேனின் கிளட்ச் வயர் அறுந்துவிட்டதாம். சீசன் சனிக்கிழமை, வாடகைக் கார் ஒன்றுகூட இல்லை. வந்திருக்கும் சொந்தக்காரர்களின் கார்கள் எல்லாம் குற்றாலத்தில் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

"ஏட்டி, நீ தென்காசிலதான இருக்க? ஒரு எட்டு போயி அதை எடுத்துட்டு வந்துருதியா? நாகர்கோவில்காரங்க முன்னால நான் என்ன சொல்லுவேன்?"

சரி என்று சொல்லி வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு கணவர் புளியங்குடிக்குப் போயிருந்தார். ஷெட்டில் இருந்தது தம்பியின் கார் மட்டும்தான்.

கீழப்பாவூரில் நரசிம்மர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. கேக் செய்பவர் ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி ஆள், முறுக்கிவிட்ட மீசை. கேக் சுடுவது அவர், சர்க்கரையில் பூ செய்து ஒட்டுவது அவர் மனைவி. அதுவரை பிறந்தநாள் கேக்தான் செய்துகொண்டிருந்தார்கள். கல்யாண கேக் என்று வந்த முதல் ஆர்டர் இதுதான்.

எதிர்வீட்டு டீச்சர் கார் கொண்டுவருகிறார் என்று அக்கா அவருக்குப் போனில் சொல்லியிருந்தார். வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. குனிந்து உள்ளே பார்த்தார். பின் சீட்டைத் தேடினார். பின் சீட்டே இல்லை.

"இதுலயா டீச்சர் போவப் போறோம்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று அடுக்குக் கேக். மேல் அடுக்கு சின்னது, தனிப் பெட்டியில் இருந்தது; அதைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். கீழ் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. சுற்றிலும் பூ ஒட்டியாகிவிட்டது, இனி பிரிக்க முடியாது. இந்தக் காருக்கு எஞ்சின் பின்பக்கம், டிக்கியில் வைத்தால் சூடு ஏறும். யாராவது மடியில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டும். கணவனும் மனைவியும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அந்த அம்மா, பலமான கைதான் வேண்டும், நீங்களே போங்கள் என்று சொல்லிவிட்டு, உபரியாகச் செய்த நாலைந்து சர்க்கரைப் பூக்களைச் சின்ன டப்பாவில் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு.

அந்தப் பெரிய உடம்பை அந்தச் சின்னக் காருக்குள் திணிப்பதே ஒரு வேலையாக இருந்தது. அவர் உட்கார்ந்த பிறகு நானும் அந்த அம்மாவும் பெட்டியை மெதுவாக இறக்கி அவர் மடியில் வைத்தோம். அப்போதுதான் பார்த்தேன், பெட்டியின் வலது பக்கம் நீண்டு வந்து சரியாகக் கியர் கம்பியின் தலைக்கு மேல் நின்றது. கம்பியை முழுக் கையால் பிடிக்க வழியில்லை. பெட்டிக்கு அடியில் மூன்று விரலைத்தான் நுழைக்க முடிந்தது.

கிளம்பினேன். முதல் கியரில் கார் ஒரு சின்னக் குலுக்கு குலுக்கியது. அவர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இரண்டாவது கியர் போடவேண்டும். வழக்கம்போல அழுத்தித் தள்ள முடியாது, தள்ளினால் கை பெட்டியில் இடிக்கும். வேறு வழியில்லாமல் விரல் நுனியால் கம்பியை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு விநாடி அப்படியே விட்டு, பிறகு பின்னால் இழுத்தேன். சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. போனதா இல்லையா என்று எனக்கே சந்தேகம். கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அது பாட்டுக்குப் போனது.

இரண்டு மாதமாக நான் அந்தக் கியரோடு சண்டை போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அது போகத் தயாராவதற்கு முன்னால் நான் தள்ளியிருக்கிறேன். இப்போது தள்ள இடமில்லாததால் காத்திருந்தேன், அது தானாகப் போனது. மூன்றாவது கியரும் அப்படியே விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது. பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பாவூர்சத்திரம் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் அவரும் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்து பேச ஆரம்பித்தார். பனி மலையில் இருந்த முகாம்களில் தகர டப்பாவை அடுப்பாக்கி அதிகாரிகளுக்குக் கேக் சுட்டதைச் சொன்னார். மனைவி போனில் பார்த்துப் பார்த்தே பூ செய்யக் கற்றுக்கொண்டதைச் சொன்னார். இந்தக் கேக்குக்காக இரண்டு ராத்திரி இரண்டு பேரும் கண் மூடவில்லை என்றார். நான் ஸ்பீட் பிரேக்கர்களைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன். அந்தக் காருக்கு ஸ்பீட் பிரேக்கர் என்றால் அடிவயிறு தட்டும். வெகு முன்னாலேயே மூன்று, இரண்டு என்று இறங்கி, தவழ்ந்து ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டும் என்று தம்பி சொன்னது அன்றைக்குக் காலுக்குத் தானாக வந்தது.

தென்காசி ஊருக்குள் நுழைந்ததும் நெரிசல். மேலகரம் வழியாகப் போகட்டுமா, வேறு பக்கமாகச் சுற்றிப் போகட்டுமா என்று அவரிடம் கேட்டேன். திரும்பிப் பார்த்தால், மனிதர் தாடையைப் பெட்டியின் மேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மீசை மெல்ல ஏறி இறங்கியது.

எழுப்பலாம் என்று கையை நீட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினேன். ராணுவத்தில் இருந்தவர், தொட்டால் தூக்கிவாரிப் போட்டு எழுந்தால் என்ன ஆகும்? கைகளைப் பார்த்தேன். பெட்டிக்கு அடியில் இரண்டு கையும் விரல் கோத்து இறுகியிருந்தன. தூக்கத்திலும் பிடி விடவில்லை. ஆனால் இனி வண்டி குலுங்கினால் தாங்கிப் பிடிக்க விழித்திருக்கும் ஆள் கிடையாது. எல்லாம் என் விரலிலும் காலிலும்தான். எழுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மேலகரத்தில் இரண்டு பையன்கள் பைக்கில் பக்கத்தில் வந்தார்கள். அந்தக் காரைப் பார்த்தால் எல்லோரும் கேட்பதுதான். "அக்கா, ஒரு முறுக்கு முறுக்குங்க, சத்தம் கேப்போம்." நான் உதட்டில் விரலை வைத்து, பக்கத்து சீட்டைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஹார்ன்கூட அடிக்காமல் தாண்டிப் போனார்கள்.

குற்றாலம் நெருங்க நெருங்கச் சாரல் கண்ணாடியில் பூவாக விழுந்தது. ரோடு கொஞ்சம் காலியாக இருந்ததால் நான்காவது கியருக்குப் போயிருந்தேன். திடீரென்று இடது பக்கக் கடைகளுக்கு நடுவிலிருந்து நாலைந்து பேர், உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் துண்டு, அருவிக்குப் போகிற உற்சாகத்தில் ரோட்டைப் பார்க்காமலே இறங்கிவிட்டார்கள். ஈர ரோடு. பிரேக்கை ஏறி மிதித்தால் கார் நிற்கும். கேக் டாஷ்போர்டில் போய் மோதும்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். பிரேக்கை லேசாகத் தொட்டபடி கை நாலிலிருந்து மூன்றுக்கு வந்தது. ஒரு மூச்சு விட்டு இரண்டுக்கு வந்தது. எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்து இழுத்தது. கார் மூக்கைக்கூடத் தாழ்த்தாமல் அவர்களுக்கு ஒரு கை தூரத்தில் ஊர்ந்து நின்றது. அதில் ஒருவர் பானட்டில் எண்ணெய்க் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். புடவை கட்டிய ஒரு பெண், தூங்கும் ஒரு மீசைக்காரர், நடுவில் வெள்ளைப் பெட்டி. என்ன புரிந்ததோ, கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மற்றவர்களை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். பக்கத்து சீட்டில் இருந்தவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

மண்டபத்து வாசலில் செங்குத்தான ஏற்றம். பாதி ஏறியபோது மேலிருந்து ஒரு கார் இறங்க, வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஹேண்ட் பிரேக் போட்டு நின்றேன். மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் வழுக்கவும் கூடாது, முன்னால் குதிக்கவும் கூடாது. கிளட்ச் பிடிக்கும் இடம் பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன அதிர்வாகத் தெரிந்தது. அதற்காகக் காத்திருந்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல விட்டேன். கார் நடந்து ஏறியது.

நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். அந்த அமைதியில்தான் அவர் கண் விழித்தார்.

"எங்கன நிக்கோம் டீச்சர்?"

குற்றாலம் வந்துவிட்டது என்றேன். அவர் பதறிப்போய்ப் பெட்டி மூடியைப் பார்த்தார். அவர் தாடை அழுந்திய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. திறந்து பார்த்தோம். ஒரே ஒரு சர்க்கரை இலை முறிந்திருந்தது. அவ்வளவுதான். சட்டைப் பை டப்பாவிலிருந்து ஒரு பூவை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். அந்தக் கனத்த விரல்கள் அவ்வளவு மெல்ல வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வைத்த பிறகு பார்த்தால், முதலில் இருந்ததைவிட அழகாக இருந்தது.

ஆறு மணிக்குக் கேக் வெட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நாகர்கோவில்காரர்களில் ஒரு அம்மா இரண்டாம் முறை கேக் வாங்கிக்கொண்டு, செய்தவர் யார் என்று விசாரித்து, டிசம்பரில் தன் மகன் கல்யாணத்துக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டார். கேக் செய்தவர் உடனே மனைவிக்குப் போன் போட்டார். சுவரைப் பார்த்து நின்றபடி வெகுநேரம் பேசினார்.

பிறகு என்னிடம் வந்தார். பொறுப்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியது தப்புதான் என்று அவருக்கு ஒரே வெட்கம். "மொதல்ல பயந்துட்டுதான் இருந்தேன் டீச்சர். பெறவு எப்ப கண்ணு சொருவுச்சுன்னே தெரியல. தொட்டில்ல கெடந்த மாதிரி இருந்துச்சு" என்றார். ரோட்டில் நடந்ததை நான் சொல்லவே இல்லை. அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் காரை நன்றாகவே ஓட்டுகிறேன். பைபாஸில் யாரும் இல்லாத நேரம் கொஞ்சம் விரட்டியும் பார்த்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் தன் இரண்டு ராத்திரி உழைப்பை மடியில் வைத்துக்கொண்டு, உன்னை நம்புகிறேன் என்று வாயால் சொல்லாமல் தூக்கத்தால் சொல்லிக்கொண்டு வர, முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சாரலுக்குள் போன அந்தப் பயணத்துக்கு ஈடாக எந்த வேகமும் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.