பொட்டு வைத்த பிளாப்பி

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில், எந்த மெஷின் எவ்வளவு நேரம் நின்றது என்று சூப்பர்வைசர் கரும்பலகையில் எழுதினார். ஷிப்ட் முடிந்ததும் துணியால் அழித்துவிட்டார். அம்புட்டுத்தான், எனக்குப் பொறி தட்டியது. இதைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொண்டால்? லீவுக்கு வந்திருந்தவன் அமெரிக்க வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். தொண்ணூறுகள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன.

கல்லூரித் தோழன் சீனு கூட்டாளி. "ஏலே, நீ புரோகிராம் எழுது. மில்லுல நான் பேசுதேன்" என்றான். ஒரே தட்டில் சாப்பிட்டவன். நம்பினேன்.

ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினேன். "ஆயுத பூஜைக்கு வச்சுக் கும்பிட்டு, விஜயதசமியன்னைக்குக் கொண்டாங்க தம்பி" என்றார் மில் மேனேஜர். ஆண்டாள் படத்துக்கு முன்னால் கம்ப்யூட்டருக்கும், புரோகிராமைப் பதிந்து வைத்திருந்த பிளாப்பி டிஸ்க்குகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஆசையில் தாராளமாகவே வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே! அறையைப் பூட்டிவிட்டு வந்தேன். இன்னொரு சாவி சீனுவிடம்.

விஜயதசமி காலையில் திறந்தால் ஒரு பிளாப்பிகூட இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளும் எல்லாம் அழிந்திருந்தது. "சீனு தம்பி விடியவுமே மில்லுக்குப் போனாரே, நீங்க அனுப்புனதா நெனச்சேன்" என்றார் கீழே டெலிபோன் பூத் அண்ணாச்சி.

மில்லுக்குப் போய் எதைக் காட்டுவேன்? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். ஆண்டாள் சந்நிதியில் நின்று அழுதேன். "தாயே, அவன் கெட்டுப்போகணும்னு கேக்கல. நான் எழுதுனது என்னோடதுன்னு ஒருத்தர் வாயால சொல்ல வையி. போதும்."

திரும்பி வந்ததும் அண்ணாச்சி கத்தினார். "எங்க போனீய? மேனேஜர் மூணு வாட்டி போன் பண்ணிட்டாரு!"

நான் கூப்பிட்டதும் மேனேஜர் சிரித்தார். "பிளாப்பிக்குப் பொட்டு வச்ச இன்ஜினியர் நீங்கதானே? உங்க கூட்டாளி, தானே எழுதுனதா சொல்லிக் கொண்டாந்தான். குங்குமம் உள்ள போயி ஒண்ணுகூட ஓடல. சரி, எப்படி வேலை செய்யும்னு வாயாலயாவது சொல்லுன்னா முழிக்கான். இது உங்க வேலைதான் தம்பி. திரும்ப எழுத எம்புட்டு நாளாகும்?"

இது உங்க வேலைதான். நான் கேட்டது அதைத்தான். கேட்ட அன்றைக்கே தந்தாள்.

சீனு தெருவில் கண்டால் திரும்பிக்கொள்கிறான். ஒரே தட்டு நினைவுக்கு வரும். காயம் ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் மூளையை மட்டுமே நம்பியிருந்த நான், இப்போது விளக்கேற்றாமல் கீபோர்டைத் தொடுவதில்லை.

அன்பர்களே, கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறீர்களா? அப்படியே போய் அவள் முன்னால் நில்லுங்கள். நான் அப்படித்தான் போனேன்.

திரும்ப எழுதியதை எடுத்துக்கொண்டு மார்கழி முதல் நாள் மில்லுக்குப் போகிறேன். இந்தத் தடவை, மெஷின் ஓட்டும் பெண்களே படிக்கிற மாதிரி திரையில் தமிழ் வரவைத்துப் பார்க்கப்போகிறேன். பொட்டு உண்டு. பிளாப்பிக்கு அல்ல, அதன் டப்பாவுக்கு.