வெறும் வயிற்றில் ஒரு மாங்கனி

ஸ்பிரிட் தோய்த்த பஞ்சின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு மாம்பழம்தான் நினைவுக்கு வரும். காரணம் என் அப்பா.

இரண்டாயிரத்துச் சில்லறை வருடம். நான் நான்காம் வகுப்பு. வரிச்சிக்குடியில் எங்கள் வயலைச் சுற்றி வருவதற்குள் அப்பாவுக்கு அசதி தள்ளியது. டாக்டர், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். "சக்கரை" என்றாலே எங்கள் வீட்டில் நடுக்கம், பெரியப்பாவின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது அதனால்தான். அப்பாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

இரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. சாமி வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து இறைத்த பழங்களில் ஒன்றை அப்பா எம்பிப் பிடித்தார். அம்மா அதைச் சாமி மாடத்தில் பத்திரமாக வைத்தார்.

மறுநாள் காலை, பரிசோதனைக் கூடத்தில் ஊசியோடு வந்த அக்கா, "ஒண்ணும் சாப்புடலையே?" என்று கேட்டார். "பச்சத் தண்ணிகூட பல்லுல படலம்மா" என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

மாலையில் முடிவைப் பார்த்த டாக்டர், "கூடுதலாத்தான் இருக்கு" என்றதும் அம்மா அங்கேயே அழத் தொடங்கிவிட்டார்.

"நல்லபடியா வரணும்னுதாங்க காலையில கெளம்பறப்ப மாங்கனிய முழுசா ஊட்டி அனுப்புனேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "வெறும் வயித்துலன்னு சொன்னேனேம்மா."

"அது பிரசாதங்க" என்றார் அப்பா. "சாப்பாட்டுல சேருமா?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடி இரத்தம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அடுத்த நாள் காலை அம்மா கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தார். வழக்கமாக ஒரு சிட்டிகை திருநீற்றை வாயில் போட்டுக்கொள்ளும் அப்பா, அன்று நெற்றியோடு நிறுத்திக்கொண்டார்.

"சக்கரை இல்ல. வெயில்ல அலைஞ்ச அசதிதான்" என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. திரும்பும் வழியில் அப்பா டீக்கடையில் இனிப்புத் தூக்கலாக ஒரு டீ சொன்னார், அம்மா தடுக்கவில்லை.

அந்தப் பரிசோதனைக் கூடம் இப்போது இல்லை, அங்கே ஒரு செல்போன் கடை. இரத்தம் எடுக்க வீட்டுக்கே வருகிறார்கள், முடிவு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன ஆனியில் அதே வீதியில், அதே கூட்டத்தில் அப்பாவோடு நின்றேன். மாடியிலிருந்து பழங்கள் பறந்து வந்தன. எழுபதை நெருங்கும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி எம்பி, ஒன்றைப் பிடித்தார்.