அஞ்சு நாள் அடிக்காத ஃபோன்

ஆபீஸ்ல எல்லாரும் அக்காவுக்கு வெச்ச பேரு தலைவலி மாத்திரை. தலைவலி வந்தா மட்டும் தேடுவாங்களாம். வெட்கங்கெட்டவங்க, அதை அவங்க காதுபடவே சொல்லிச் சிரிப்பாங்க. அவங்களும் சேர்ந்து சிரிப்பாங்க, அதைப் பார்த்தாதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் பக்கத்து சீட். எனக்கு அவங்க அக்கா.

நாங்க ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுறோம். டேட்டாபேஸ்ல பதிவுகளை வெக்கிற டேபிள் ஒண்ணு இருந்தா, எங்க புரோகிராம்ல அதுக்குன்னு தனியா ஒரு கோட் துண்டு இருக்கணும், அதுக்குப் பேரு கிளாஸ். நோயாளிக்கு ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, கட்டிலுக்குக்கூட ஒண்ணு. மொத்தம் நூத்தி எண்பத்தாறு. ஒவ்வொண்ணு தலைமேலயும் அதே நாப்பது வரி செட்டிங்: எந்த டேட்டாபேஸ், நம்பர் எப்படிப் போடணும், அழிச்ச பதிவைக் காட்டணுமா மறைக்கணுமா. ஆனா அங்கங்க ஒரு வரி மட்டும் வேற மாதிரி இருந்து தொலைக்கும். எது எங்க ஏன் வேறன்னு பதினாலு வருஷமா அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அதனால அவங்க லீவு போட்டாலும் ஃபோன் போகும். கூடப்பிறந்த தம்பி கல்யாண போட்டோவுல பாதிக்கு மேல காதுல ஃபோனோடதான் நிக்கிறாங்க.

போன வருஷம் அவங்கம்மாவுக்கு ஒரு கண்ணுல ஆபரேஷன். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு எனக்கு வரி வரியா சொல்லிட்டு இருந்த நேரத்துல, உள்ள கண்ணுக் கட்டை அவிழ்த்துட்டாங்க. அம்மா கண்ணைத் திறந்து முதல்ல பார்த்தது நர்ஸை. “அடுத்த கண்ணுக்காவது நீ எதிர்ல இருடி”ன்னு கேட்டாங்களாம். அன்னிக்கு ஃபோன் போட்ட பாவி நான்தான்.

அதுக்கப்புறம் அக்கா ஒரு முடிவோட இறங்கினாங்க. அந்த நாப்பது வரியையும் ஒரே ஒரு பேஸ் கிளாஸ்ல வெச்சிடறது. மத்ததெல்லாம் அதுகிட்டேர்ந்து எடுத்துக்கும். எதுக்காவது வேற மாதிரி வேணும்னா அங்க அந்த ஒரு வரி மட்டும் எழுதினா போதும்.

“ஓடுற வண்டியை எதுக்குங்க பிரிக்கிறீங்க?”ன்னாரு மேனேஜர்.

“நான் இல்லாமயும் ஓடணும் சார்.”

மத்த வேலைக்கு நடுவுல நாலு மாசம். கண்ணுக்குக் கீழ கருவளையம், பக்கத்துல ஆறிப்போன டீ. “முடியலடா”ன்னு அப்படியே கீபோர்டுமேல தலையைச் சாய்ச்சிடுவாங்க. ஆனா முடிச்சுட்டாங்க.

ரெண்டாவது கண்ணுக்கு அஞ்சு நாள் லீவு. முதல் நாளே ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்து புகார்: ரத்தான அப்பாயின்ட்மென்ட் லிஸ்ட் காலியா இருக்கு, யாருக்கு மறுதேதி கொடுக்கிறதுன்னே தெரியல. மேனேஜர் கை ஃபோனுக்குப் போச்சு.

“அக்காவைக் கூப்பிட்டீங்க, நடக்கிறதே வேற”ன்னேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ! பேஸ் கிளாஸைத் திறந்தேன். அழிச்ச பதிவை மறைன்னு இருந்தது. ரத்தான அப்பாயின்ட்மென்டெல்லாம் அழிச்ச பதிவாத்தான் கிடக்கும். இந்த ஒரு லிஸ்டுக்கு மட்டும் காட்டணும்னு எழுத அக்கா மறந்திருக்காங்க. ஒரே வரி. பத்து நிமிஷத்துல லிஸ்ட் வந்துடுச்சு. அஞ்சு நாளும் யாரையும் அவங்களைக் கூப்பிட விடல. எனக்குப் பெருமை தாங்கல.

திரும்பி வந்ததும் கேட்டேன்: “பார்த்தீங்களாக்கா, ஒரு கால் வந்துச்சா?”

பையை வெச்சுட்டு மெதுவா உட்கார்ந்தாங்க. “வரலடா. எப்பவும் வரும்ல? ஏதோ பெருசா உடைஞ்சுபோச்சு, எல்லாரும் சேர்ந்து எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். நானா கூப்பிட மாட்டேன்னு அம்மாவுக்கு வாக்கு கொடுத்திருந்தேன். அதான் ஃபோனை மடியில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“கட்டு அவிழ்த்தப்ப எங்க இருந்தீங்க?”

“எதிர்லதான். அம்மா கண்ணைத் திறந்ததும், ‘உச்சந்தலையில இவ்வளவு நரைச்சுப்போச்சாடி உனக்கு’ன்னாங்க. அப்பதான் நிமிர்ந்தேன்.”

“எல்லாம் சரியா இருக்கு அக்கா”ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சே, எனக்கு அது தோணவே இல்ல.